கன்னிப்பூவும் கால அட்டவணையும்

சினிமா எடுக்க விரும்புகிற நாஞ்சில் நாட்டு இளைஞர்கள், சென்னைக்கு ரயிலேறித் தயாரிப்பாளரின் எதிரே அமர்ந்து இரண்டு மணி நேரம் கதை சொல்லிவிட்டு வருகிற பழைய சம்பிரதாயத்தோடு, இப்போது 'பிட்ச் டெக்' என்ற பதினைந்து இருபது பக்க விஜ்ஞாபனம் ஒன்றையும் தயாரித்தாக வேண்டியிருக்கிறது. கதைச்சுருக்கம், பாத்திரங்கள், இயக்குநரின் நோக்கம், காட்சிகளின் நிறமும் சாயலும், பட்ஜெட், படப்பிடிப்பு நாட்கள் ஆகிய யாவும் அதில் அடங்கும். தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2007 முதல் கோவாவில் நடத்திவரும் ஃபிலிம் பஜார் போன்ற சந்தைகளில் இத்தகைய ஏட்டை முன்வைத்துத்தான் பேச்சே தொடங்குகிறது. கலையைக் கடைச்சரக்காக்குகிற காரியம் இது என்று இலக்கிய நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். என் அபிப்பிராயம் வேறு.

வங்காளத்தில் சத்யஜித் ராய், 'பதேர் பாஞ்சாலி'யைக் காட்சி காட்சியாகச் சித்திரம் தீட்டி நிரப்பிய நோட்டுப் புத்தகத்தைச் சுமந்துகொண்டு தயாரிப்பாளர்களின் வாசல்களில் ஏறி இறங்கினார், ஒருவரும் இசையவில்லை. இன்ஷூரன்ஸ் பாலிசியையும் மனைவியின் நகைகளையும் ஈடு வைத்து முயன்ற அந்தப் படம், கடைசியில் மாநில சர்க்காரின் பணத்தால் நிறைவேறி 1955-இல் வெளியாயிற்று. ஏடு நன்றாயிருந்தால் பணம் வந்தே தீரும் என்று நினைப்பவர்கள் இதை ஞாபகத்தில் வைப்பது நலம்.

நம் ஜில்லாவின் சங்கதியோ இன்னும் துயரமானது. அகஸ்தீஸ்வரத்து ஜே. சி. டேனியல், எவர் முன்னும் விண்ணப்பித்து நிற்காமல், தம் நிலத்தை விற்ற பணத்தில் கேமரா வாங்கி, திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற ஸ்டூடியோவை நிறுவி, 'விகதகுமாரன்' என்னும் மௌனப் படத்தைத் தாமே எழுதி, இயக்கி, நடித்து, ஒளிப்பதிவும் செய்து திரைக்குக் கொண்டுவந்தார். கைப்பொருள் அனைத்தும் அதோடு போயிற்று. நாயர் குலப் பெண்ணாக ஒரு தலித் பெண் நடிப்பதா என்று பொறாத ஜாதி வெறி, கொட்டகையில் கல்லெறிந்தது. விரட்டப்பட்ட அந்த நடிகை பி. கே. ரோசி, பிற்பாடு நாகர்கோவிலில் வேறு பெயரில் வாழ்ந்து மறைந்தார் என்பர். மலையாள சினிமாவின் தந்தை எனப் போற்றி டேனியல் பெயரால் கேரளம் விருது வழங்கத் தொடங்கியது, அவர் 1975-இல் காலமாகிப் பல ஆண்டுகள் கழிந்த பிறகுதான்.

அந்தக் கற்களை எந்த ஏடும் தடுத்திராது. ஆனால் சொந்த நிலத்தை விற்றுப் படமெடுப்பவனிடம், முதல் படம் நஷ்டப்பட்டால் ஸ்டூடியோவை எதைக்கொண்டு நடத்துவாய் என்று கேட்பதற்கு எதிரே ஆளில்லை. பிட்ச் டெக்கை வாசிக்கிறவர், மரியாதையோடோ அலட்சியத்தோடோ, அதைத்தான் முதலில் கேட்கிறார், கேட்கட்டுமே.

என் குறையெல்லாம் நம் பிள்ளைகள் அதை நிரப்புகிற விதத்தைப் பற்றியது. குமரிமுனையின் சூரியோதயத்தையும் வள்ளுவர் சிலையையும் முகப்பில் ஒட்டிவிட்டு, அடுத்த பக்கத்தில், ஓடி ஜெயித்த நான்கு படங்களின் பெயரைச் சொல்லி, இதுவும் அவற்றைப் போன்றது என்று சத்தியம் செய்கிறார்கள். இந்த மண்ணில் பிறந்தவனுக்கு மட்டுமே விசேஷமாகத் தெரிந்தவை வரவேண்டிய இடம் படப்பிடிப்பு அட்டவணையல்லவா? நெல்லின் இரு போகங்களில் கன்னிப்பூ அறுவடை புரட்டாசியை ஒட்டியும் கும்பப்பூ அறுவடை மாசியை ஒட்டியும் வருகிறதென்று அறிந்தவன், பச்சை வயல் காட்சியையும் அறுத்த தாளடிக் காட்சியையும் எந்த வாரங்களில் எடுக்கலாமென்று தேதி போட்டுத் தருவான். விசைப்படகுகளின் தடைக்காலம் கீழைக்கடல் சார்ந்த சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேலைக்கடல் சார்ந்த குளச்சலிலும் முட்டத்திலும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் என ஒரே ஜில்லாவுக்குள் இரண்டாகப் பிரிந்திருப்பதை அறிந்தவன், மே மாதத்தில் படகுக் காட்சிக்காகச் சின்னமுட்டத்தில் யூனிட்டை இறக்கிவிட்டுப் படி அளந்துகொண்டிருக்கமாட்டான். இவ்விரண்டு வரிகளைக் கண்ட மாத்திரத்தில், எதிரே இருப்பவர், இவனுக்கு ஊரும் தெரியும், பணத்தின் அருமையும் தெரியும் என்று கண்டுகொள்வார்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி ஆடிக் காற்றுக்கு நடுவே காதலர்களைப் பேசவிட்டு, குரலை அங்கேயே பதிவு செய்துகொள்வேன் என்று எழுதுகிறவன் மட்டும், டப்பிங் செலவையும் மறவாமல் பட்ஜெட்டில் சேர்த்துவிடட்டும்.