ஒரு சோறு போதுமா?

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நாம் அடிக்கடி கேட்கும் பழமொழி. சமையலறைக்கு அது பொருந்தும். ஒரே பானை, ஒரே தண்ணீர், ஒரே நெருப்பு. ஆகவே, ஒரு சோறு வெந்திருந்தால் மற்றவையும் வெந்திருக்கும். ஆனால், வெளிநாட்டுத் தொழிற்சாலையில் பொருள் செய்து வாங்குவோருக்கு இந்தப் பழமொழி போதாது என்பதே என் கருத்து.

ஜார்ஜ்டவுனில் வாழும் இளைஞர் ஒருவர் மின்னூட்டம் செய்யும் மேசை விளக்கு ஒன்றை வடிவமைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சீனாவிலுள்ள தொழிற்சாலை ஒன்று மூன்று முன்மாதிரிகளைச் செய்து அனுப்புகிறது. விளக்கு எரிகிறது, பார்க்கவும் அழகாக இருக்கிறது. உடனே அவர் தம் சேமிப்பான 10,000 ரிங்கிட்டைக் கட்டி, 500 விளக்குகள் செய்யச் சொல்லலாமா? கூடாது என்பேன். முன்மாதிரியைப் பெரும்பாலும் திறமைமிக்க பணியாளர்கள் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். 500 விளக்குகளோ வேறு பணியாளர்களால், வேறு இயந்திரங்களில், சில வேளைகளில் வேறு மூலப்பொருளாலும் செய்யப்படுகின்றன. பதம் பார்த்த பானை ஒன்று. பரிமாறும் பானை வேறு.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2016 ஆகஸ்டில் சாம்சங் நிறுவனம் ‘கேலக்சி நோட் 7’ திறன்பேசியை வெளியிட்டது. சில வாரங்களிலேயே அவற்றுள் சில தீப்பற்றின. செப்டம்பரில் ஏறத்தாழ 2.5 மில்லியன் திறன்பேசிகளைத் திரும்பப் பெறுவதாக அந்நிறுவனம் அறிவித்தது. பின்னர், வேறொரு நிறுவனத்தின் மின்கலத்தைப் பொருத்தி மாற்றுத் திறன்பேசிகளை வழங்கியது. அவற்றிலும் சில தீப்பற்றவே, அக்டோபரில் உற்பத்தியையே நிறுத்தியது. காரணத்தைக் கண்டறிய 200,000 திறன்பேசிகளும் 30,000 மின்கலங்களும் சோதிக்கப்பட்டன. முதல் மின்கலத்தில் வடிவமைப்புக் குறையும் இரண்டாவதில் உற்பத்திக் குறையும் இருந்தது தெரியவந்தது. மின்கலங்களைச் செய்தவை வேறு நிறுவனங்கள். ஆயினும், குறைகளை முன்கூட்டியே கண்டறியத் தவறியதற்குச் சாம்சங் பொறுப்பேற்றது. பொருளின்மேல் யாருடைய பெயர் இருக்கிறதோ, அவரிடம்தான் வாங்கியவர் விளக்கம் கேட்பார்.

அப்படியானால், நம் இளைஞர் என்ன செய்யலாம்? முதலில், முன்மாதிரியைப் பினாங்கின் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் பல நாள் எரியவிட வேண்டும். இரவு முழுவதும் மின்னூட்டம் செய்து, சூடேறுகிறதா என்று பார்க்க வேண்டும். மேசையிலிருந்து கீழே விழச் செய்து பார்க்க வேண்டும். வீட்டிலுள்ள பாட்டியிடமும் தம்பியிடமும் கொடுத்துப் பயன்படுத்தச் சொல்ல வேண்டும். அடுத்து, குறையைத் திருத்திய முன்மாதிரியில் இரு தரப்பினரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொன்று வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு, உண்மையான உற்பத்தி வரிசையில் 30 விளக்குகளை மட்டும் செய்யச் சொல்லி, அவற்றைக் கையொப்பமிட்ட மாதிரியோடு ஒப்பிட வேண்டும்.

“இதனால் செலவு கூடும், போட்டியாளர் முந்திக்கொள்வார்” என்று சிலர் கூறுவர். அவர்கள் கூறுவதில் உண்மை இல்லாமல் இல்லை. சிறு வணிகருக்கு அஞ்சல் செலவும் சுமைதான். இரண்டு மாதத் தாமதமும் இழப்புதான். எனினும், பணம் முழுவதையும் கட்டிய பிறகு குறையைக் கண்டால், 500 விளக்குகளையும் கப்பலேற்றித் திருப்பி அனுப்ப யார் செலவு செய்வது? தீப்பிடித்த வீட்டை யார் திருப்பித் தருவது?

இந்தப் பாடம் பினாங்கு மக்களுக்குப் புதிதன்று. 1972ஆம் ஆண்டு பாயான் லெப்பாஸில் கட்டற்ற வாணிப வட்டாரம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் பொருத்தும் ஆலையை இங்கு அமைத்தது. அன்று முதல் அயல்நாட்டு நிறுவனங்களுக்கு நாமே வெளிநாட்டு உற்பத்தியாளர்கள். சில்லுகளைப் பொருத்துவதும் ஒவ்வொன்றாகச் சோதிப்பதும் நம் அம்மாக்களும் அக்காமார்களும் பல்லாண்டுகளாகச் செய்துவரும் வேலை. பிறருக்காக இவ்வளவு கவனத்தோடு சோதிக்கும் நாம், நமக்காகப் பொருள் செய்து வாங்கும்போது அவசரப்படலாமா?

மாணவர்களே, வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் நீங்களும் முன்மாதிரி செய்கிறீர்கள். அது முதன்முறை இயங்கியதும் மகிழுங்கள். ஆனால், அத்துடன் நிறுத்திவிடாதீர்கள். “இது எப்போது, எப்படிப் பழுதாகும்?” என்று கேட்டு, மறுபடியும் சோதித்துப் பாருங்கள்.