ஏலப் பட்டியலும் அறமும்

ஏலம் முடிந்ததும் பட்டியலை எறிந்துவிடுவது உலக வழக்கு. அவ்வழக்கை மறுத்த ஒருவரை ஈண்டு நினைவுகூர விரும்புகிறேன். ஒல்லாந்தரான பிரிட்ஸ் லுக்ட் (1884-1970) அம்ஸ்டர்டாம் நகரின் ஏல நிலையமொன்றிற் பணியாற்றியவர், கலைப்பொருட் சேகரிப்பாளர். 1600 முதல் 1925 வரையிலான ஏலப் பட்டியல்கள் எந்நூல்நிலையங்களில் உள்ளன எனத் தொகுக்கும் பெருநூலைத் தொடங்கினார். முதற்பாகம் 1938இல் வெளிவந்தது. நான்காம் பாகம் அவர் மறைந்த பின், 1987இல் வந்தது.

வணிகர் ஓரத்திற் குறித்துவைத்த விலையும் வாங்கியவர் பெயருமே ஓவியம் கைமாறிய வரலாற்றைச் சொல்கின்றன. நாஜிகள் பறித்த ஓவியங்களை உரியோரின் வழித்தோன்றல்கள் இன்று கோரும்போது, இத்தகைய பழந்தாள்களே அவர்களுக்குச் சாட்சி. அன்று இலாபங் கருதி எழுதிய வரி, இன்று நீதிக்குத் துணைநிற்கிறது. ஆதலின், பழந்தாளை எறியுமுன் ஒருகணம் சிந்திக்க மாணவர்க்குக் கற்பிப்போமாக.