இந்த ரோட்டில் விளையாடவும் எங்களுக்கு உரிமை இருக்கு

போன ஆகஸ்ட் லீவில் ஒரு சனிக்கிழமை. நானும் தம்பியும், பக்கத்து லயத்துச் சிநேகிதர்கள் ரெண்டு பேரும், மூன்று சைக்கிளோடு மேல் டிவிஷன் ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தோம். நாலு பேருக்கு மூன்று சைக்கிள் என்பதால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒருவர் இறங்கி நடக்க வேண்டும். எங்கள் நாய் ஜிம்மி மட்டும் யாருக்கும் முறை விடாமல் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

டர்பன்டைன் காட்டுத் திருப்பத்தில் தோட்டத்து வாச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். "எங்க போறீங்க? இது கம்பனி ரோடு. இங்க சைக்கிள் விளையாட்டெல்லாம் கூடாது. மேல உள்ளவங்க கண்டா எனக்குத்தான் ஏச்சு" என்றார். அவர் பேசி முடிப்பதற்குள் பின்னாலிருந்து ரெண்டு வெளிநாட்டுக்காரர்கள் மவுண்டன் பைக்கில் வந்தார்கள். தடித்த டயர், டிஸ்க் பிரேக், ஹெல்மட் எல்லாம் இருந்தது. வாச்சர் எங்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அவர்களுக்கு "குட் மோர்னிங்" சொன்னார். அவர்களும் சிரித்துக்கொண்டே கையாட்டிவிட்டு, நாங்கள் போகக் கூடாத அதே ரோட்டில் மேலே போனார்கள். போகும்போது ஜிம்மியை ஒரு படம் வேறு எடுத்தார்கள்.

எனக்கு அந்த ரெண்டு பேர் மேலும் கோபம் இல்லை, வாச்சர் மாமா மேலும் கோபம் இல்லை. அவர் எங்கள் அப்பாவோடு ஒரே பிரட்டில் நின்றவர், அவருக்கும் அவருடைய வேலை முக்கியம். ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி மனதில் இருக்கிறது. ஒரே ரோட்டில், ஒரே மாதிரி ரெண்டு சக்கரத்தில் போகும்போது, அவர்கள் போவது சாகசம், நாங்கள் போவது சேட்டை. இது எப்படி?

எங்கள் தோட்டம் அப்புத்தளைப் பக்கம். இங்கே இருக்கும் ரோடுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆனால் அந்தத் தேயிலைக்கும், அதற்கு முன்னால் கோப்பிக்கும், காட்டை வெட்டி, கல்லை உடைத்து, மலையைச் சுற்றி ரோடு போட்டவர்கள் யார் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரியோடு முடிந்துவிடும். அது எங்கள் பாட்டன் பூட்டன்கள். இந்த ரோடுகள் ரொம்ப கெட்டித்தனமாகப் போடப்பட்டவை. தேயிலை லொறி ஏறும் அளவுக்குத்தான் ஏற்றம் இருக்கும். மழைத்தண்ணி ரோட்டை அரிக்காமல் ஓரமாகக் கான் வெட்டியிருக்கும். ரோட்டிலிருந்து ரோட்டுக்கு, கொழுந்து மடுவத்துக்கு, கோயிலுக்கு, லயத்துக்கு என்று குறுக்குப் பாதைகள் பிரியும். மவுண்டன் பைக் ஓட்டுகிறவர்கள் எந்த ஊரில் கேட்டாலும் இப்படி ஒரு இடத்துக்குத்தான் ஆசைப்படுவார்கள்.

அதனால்தான் இப்போது பீக்கோ ட்ரெயில் வந்திருக்கிறது. கண்டி ஹந்தானையில் ஆரம்பித்து நுவரெலியாவில் முடியும் 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதை. மொத்தம் 22 கட்டங்கள். இதற்காகப் புதிதாகப் பெரிதாக ஒன்றும் வெட்டவில்லை. பெரும்பாலும் பழைய தோட்டத்து ரோடுகளையும் குறுக்குப் பாதைகளையும் கோர்த்து, அடையாளம் போட்டிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஆட்கள் வருகிறார்கள், டீக்கடை போட்டவருக்கு நாலு காசு கிடைக்கிறது. நான் அதை எதிர்க்கவில்லை. நான் கேட்பது, அந்த வரைபடத்தில் நாங்கள் எங்கே இருக்கிறோம்? கூடையோடு நிற்கும் படத்தில் இருக்கிறோம். பாதையில் சந்தோஷமாகப் போகிற ஆளாக இல்லை.

நாங்கள் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்ததே ஒரு கஷ்டத்தில்தான். 2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, டவுனுக்குப் போகத் த்ரீவீல் இல்லை. இருந்தாலும் காசு கட்டாது. அப்போது அப்பா யாரிடமோ பழைய ஜப்பான் சைக்கிள் ஒன்று வாங்கினார். மலையகத்தில் சைக்கிள் என்பது அபூர்வம். கெம்பஸில் என்னோடு படிக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இதைக் கேட்டால் நம்பமாட்டார்கள். அங்கே அம்மம்மாவும் சைக்கிள், டீச்சரும் சைக்கிள். இங்கே ஏற்றமும் இறக்கமும் என்பதால் யாரும் அதை ஒரு வாகனமாகவே எடுத்துக்கொள்வதில்லை. பெற்றோல் வந்த பிறகு அப்பா சைக்கிளை மறந்துவிட்டார். தம்பி மறக்கவில்லை. தடித்த டயர் மாட்டினான், பிரேக் கட்டை மாற்றினான், மட்கார்டைக் கழற்றினான். பிறகு அவனுடைய சிநேகிதர்களும் ஆளுக்கொன்று தேடிக்கொண்டார்கள். நான் கெம்பஸ் லீவில் வந்து அவர்களோடு ஒட்டிக்கொண்டேன்.

முதல் தடவை குறுக்குப் பாதையில் இறங்கியபோது விழுந்தேன். ரெண்டாவது தடவையும் விழுந்தேன். தம்பிதான் சொல்லித் தந்தான்: இறக்கத்தில் சீட்டில் உட்காராதே, பின்னால் தள்ளி நில். ரெண்டு பெடலும் சமமாக இருக்கட்டும். முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் தலைகீழாகப் போவாய், ரெண்டையும் சேர்த்து விட்டு விட்டுப் பிடி. சக்கரத்துக்குக் கீழே இருக்கும் கல்லைப் பார்க்காதே, அடுத்த திருப்பத்தைப் பார். இதையெல்லாம் அவன் எங்கேயும் போய்ப் படிக்கவில்லை. யூடியூபில் பாதி, விழுந்து பாதி.

ஜிம்மி எப்படி இதில் சேர்ந்தது என்று தெரியாது. யாரும் கூப்பிடவில்லை. சைக்கிள் செயின் சத்தம் கேட்டால் வாசலில் வந்து நிற்கும். இறக்கத்தில் எங்களை விட வேகமாகப் போய், திருப்பத்தில் நின்று திரும்பிப் பார்க்கும். பீலித் தண்ணி விழும் இடத்தில் தானாகவே நிற்கும், நாங்களும் நிற்போம். மேலே போனால் ஒரு பக்கம் தெற்குச் சமவெளி தெரியும். மிஸ்ட் ஏறிவந்தால் அஞ்சு நிமிஷத்தில் ஒன்றும் தெரியாது. அந்த இடத்தில் பிஸ்கட் பக்கட்டைப் பிரித்து அஞ்சு பங்கு வைப்போம். பிறந்ததிலிருந்து பார்த்த மலைதான். ஆனால் அதை ஒரு வேலையும் இல்லாமல், சும்மா நின்று பார்த்தது அப்போதுதான்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "சோத்துக்கே வழியைக் காணோம், சைக்கிள் விளையாட்டு கேக்குதா?" எங்கள் வீட்டிலேயே கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். 2021இல் ஆயிரம் ரூபாய்க்காக எவ்வளவு போராட்டம் நடந்தது என்று நமக்குத் தெரியும். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனபோது சாமான் விலை அதைத் தாண்டிப் போயிருந்தது. சம்பளமும் வீடும் காணியும்தான் முதலில். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் 'முதலில் அது, பிறகுதான் இது' என்று சொல்லிச் சொல்லியே நம்மை வேலை செய்யும் கைகளாக மட்டும் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மா இந்த மலையில் முப்பது வருஷமாக நடக்கிறார். கொழுந்து எடுக்க, விறகு எடுக்க, ஆஸ்பத்திரிக்குப் போக. ஒரு நாள்கூடச் சும்மா நடந்ததில்லை. சும்மா நடந்தால் "என்ன, வேலைக்குப் போகலயா?" என்றுதான் கேட்பார்கள். ஒரு இடத்தில் உழைக்க மட்டும் அனுமதி, சந்தோஷமாக இருக்க அனுமதி இல்லை என்றால் அந்த இடம் எப்படி நம் இடமாகும்? 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். முன்னோர் செத்து விழுந்த பாதையில் நினைவுக்காக நடந்த நடை அது. அந்த நடைக்கு மரியாதை உண்டு. துக்கத்துக்காக நடப்பதற்கு இருக்கும் உரிமை, சந்தோஷத்துக்காக ஓட்டுவதற்கும் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

'கம்பனி ரோடு' என்ற பேச்சுக்கும் ஒரு வார்த்தை. பெருந்தோட்டக் காணிகள் எழுபதுகளில் அரசுடைமையாயின. 1992க்குப் பிறகு கம்பனிகள் அவற்றை நடத்துவது குத்தகையில். ஆக, நாலு பிள்ளைகள் சைக்கிளில் போனால் பறிபோகிற சொத்து அங்கே ஒன்றும் இல்லை.

பொம்பிளைப் பிள்ளை என்பதால் எனக்குத் தனியாகவும் கேட்க வேண்டியிருந்தது. "கெம்பஸ் போன புள்ள, பையன்களோட சைக்கிள்ல சுத்துது" என்று ஒரு கதை லயம் முழுக்கப் போனது. அம்மா ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "விழுந்து மூஞ்சிய ஒடச்சிக்காத" என்றார். அது அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். இப்போது லயத்துச் சின்னப் பிள்ளைகள் ரெண்டு பேர், பெண் பிள்ளைகள், பின்னேரத்தில் வந்து "அக்கா, ஒரு ரவுண்டு" என்று கேட்கிறார்கள்.

இதுவரை எழுதியதைப் பார்த்தால் எல்லாப் பிழையும் மற்றவர்களுடையது போல இருக்கும். அப்படி இல்லை. ஒரு நாள் குறுக்குப் பாதையில் வேகமாக இறங்கினேன். திருப்பத்தில் ஒரு அம்மா, தலையில் கொழுந்து மூட்டையோடு, மடுவத்துக்கு நிறுவைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஜிம்மி முன்னால் நின்று குரைத்தது, நான் கவனிக்கவில்லை. அவர் பதறிப்போய்க் கானுக்குள் இறங்கிவிட்டார். மூட்டை விழுந்து கொழுந்து சேற்றில் சிதறியது. நான் சைக்கிளைப் போட்டுவிட்டு அள்ளிக் கொடுத்தேன். அவர் ஏசவில்லை. "இது எங்க ரோடுதானேன்னு நெனச்சேன் புள்ள" என்று மட்டும் சொன்னார்.

வாச்சர் நிறுத்தியபோது எனக்குள் இருந்த அதே வார்த்தை அது. நான் அதை இன்னொருவர் வாயில் வரவைத்துவிட்டேன். சேற்றில் போன கொழுந்து அவருடைய அன்றைய கிலோக் கணக்கு. என் ஒரு நிமிஷ வேகத்துக்கு அவர் சம்பளம் கொடுக்கக் கூடாது. அன்றைக்கு நாங்கள் நாலு பேரும் பேசி ஒழுங்கு வைத்தோம். கொழுந்து எடுக்கும் நேரத்தில் குறுக்குப் பாதையில் இறங்குவதில்லை. சுமையோடு யார் வந்தாலும் நாங்கள் இறங்கி ஒதுங்க வேண்டும். மழை பெய்து ஊறிக்கிடக்கும் பாதையில் ஓட்டுவதில்லை, டயர் போட்ட தடத்தில் தண்ணி ஓடி மண் அரிக்கும். ஜிம்மி நின்றால் நாங்களும் நிற்க வேண்டும். கடைசி ஒழுங்குதான் மிகவும் உதவியது. அதற்குக் காது எங்களை விட நல்லது.

ஜிம்மியால் இன்னொன்றும் தெரியவந்தது. டிசம்பர் லீவில் அது ஒரு காட்டுக்கோழியைத் துரத்திக்கொண்டு மானாப்புல்லுக்குள் போய் வரவேயில்லை. முனகல் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் இடுப்பு மாட்டியிருந்தது. இழுக்க இழுக்க இறுகியது. தம்பி தன் ஜெர்சியைக் கழற்றி அதன் தலையில் போட்டுப் பிடித்துக்கொண்டான். நான் அதைக் கம்பி கட்டியிருந்த கட்டைப் பக்கமாகத் தள்ளி, முடிச்சைத் தளர்த்தினேன். அந்தக் கம்பி பழைய மோட்டார் சைக்கிள் கிளச் கேபிள். பிழைத்தது. ஒரு மாதம் அந்த இடத்தில் மயிர் முளைக்கவில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை இப்படியான சுருக்கில் மாட்டிச் செத்தது ஞாபகம் இருக்கும். சுருக்கு வைப்பவரும் நம்ம ஆள்தான். அவருடைய மரக்கறித் துண்டைப் பன்றி அழிக்கிறது, கறி வாங்கக் காசில்லை. அதெல்லாம் உண்மை. ஆனால் சுருக்குக்கு பன்றி எது, சிறுத்தை எது, ஜிம்மி எது, நாளைக்கு அங்கே ஓடும் சின்னப் பிள்ளையின் கால் எது என்று தெரியாது.

அதனால் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. சுற்றுலாவுக்குத் திறந்துவிடும் எந்த ரோடும் அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்க வேண்டும். அங்கே வழிகாட்டியாகப் போக, சைக்கிள் திருத்த, வாடகைக்கு விட, தோட்டத்து இளைஞர்களுக்கு முதல் இடம் வேண்டும். எங்களுக்குத் தெரியாத குறுக்குப் பாதை இங்கே எதுவும் இல்லை. தோட்டத்து இளைஞர் கழகங்கள் கிரிக்கெட் மட்டையோடு நாலு சைக்கிளும் வாங்கலாம். பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து வாங்கலாம். ஓட்டுகிற நாங்களும் சுருக்கைக் கண்டால் பேசாமல் போகாமல், லயத்தில் உட்கார்ந்து அதைப் பற்றிக் கதைக்க வேண்டும். நாயோடு போகிறவர்கள் அதற்கு விசர்நாய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டு போங்கள்.

வாச்சர் மாமாவைப் போன மாதம் அதே திருப்பத்தில் கண்டோம். நாங்கள் இறங்கி நின்றோம். அவர் சுற்றிமுற்றும் பார்த்துவிட்டு, "சரி சரி, மெதுவா போங்க. மேல ரெண்டாம் நம்பர்ல கொழுந்து எடுக்குறாங்க" என்றார். ஜிம்மி ஏற்கெனவே போயிருந்தது. நாங்கள் மெதுவாகத்தான் போனோம்.