எட்டுத் துளிகள் ஒன்றானால்

இயற்பியல் தேர்வுகளில் நெடுங்காலமாக இடம்பெற்று வரும் கணக்கு ஒன்றுண்டு. ஒரே அளவும் ஒரே மின்னூட்டமும் கொண்ட 8 பாதரசத் துளிகள் இணைந்து ஒரு பெருந்துளி ஆகின்றன. அதன் மின்னழுத்தம் யாது? நான்கு மடங்கு என எழுதி மாணவர் முழு மதிப்பெண் பெறுவர். ஏன் நான்கு என்று வினவினால் பலர் வாய்திறப்பதில்லை. இஃது அவர்தம் அறிவின் குறையன்று. விளக்கம் தாய்மொழியில் கிட்டாத குறையே என்பது என் துணிபு.

தமிழிலேயே சொல்லிப் பார்ப்போம். கோளத்தின் மின்னழுத்தம் மின்னூட்டத்திற்கு நேர்விகிதத்திலும் ஆரத்திற்கு எதிர்விகிதத்திலும் அமையும். துளிகள் கூடும்போது மின்னூட்டமும் பருமனும் 8 மடங்காகின்றன. ஆரமோ 2 மடங்கே ஆகின்றது. எனவே மின்னழுத்தம் 4 மடங்கு. இவ்வளவே.

ஆயினும் இத்துடன் நிறுத்தலாகாது. துளிகள் எட்டும் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் இருந்தபோது கொண்டிருந்த மொத்த மின்னாற்றலும் இப்போது 4 மடங்காகிவிட்டதே! மிகுதி எங்கிருந்து வந்தது? ஓரின மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும். அவ்விலக்கலை மீறித் துளிகளை நெருங்கச் செய்த வேலையே மின்னாற்றலாக உருமாறியது. மேற்பரப்பு பாதியாகக் குறைவதால் விடுபடும் ஆற்றலும் இதற்குத் துணைநிற்கும். இவ்வினாவை எத்தனை வகுப்பறைகளில் எழுப்புகின்றோம்?

வடிவம் மாறினாலோ சுவை மிகும். பருமனும் மின்னூட்டமும் மாறாதிருக்க, துளி முட்டைபோல் நீண்டால் அதன் மின்னழுத்தம் குறையும். மின்னூட்டம் முனைகளில் செறியும். எனினும் கடத்தியின் மேற்பரப்பெங்கும் மின்னழுத்தம் ஒன்றே. கூர்முனையில் மின்னழுத்தம் மிகும் என்று பட்டம் பெற்றோரே கூறக் கேட்கின்றோம். மிகுவது மின்புலம், மின்னழுத்தமன்று.

மின்னூட்டம் ஓர் எல்லையைக் கடந்தால் பரப்பு இழுவிசை தோற்றுத் துளி நிலைகுலையும் என 1882இல் ராலே பிரபு கணக்கிட்டார். மின்னூட்டத் துளிகள் அவ்வாறு சிதறுவதைப் பயன்படுத்திப் புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளின் நிறையை அளக்க வழிகண்ட ஜான் ஃபென், 2002இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

ஆங்கிலம் வேண்டா என்பது என் வாதமன்று. தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வரும் மாணவர், பொருள் விளங்கிய பின்னர் ஆங்கிலத்தில் எழுதட்டும். இலக்கியம் கற்பிப்பதோடு தமிழ்த்துறையின் பணி முடிவதில்லை. இயற்பியல் ஆசிரியர்களுடன் அமர்ந்து, முதற்கண் நிலைமின்னியலுக்கு மட்டுமேனும் ஒரு சிறு விளக்கநூலை அது ஆக்கித் தரலாம். அச்சுச் செலவை ஏற்கும் கொடையுள்ளம் படைத்த பெரியோர் நம் சமுதாயத்தில் உளர்.