114 குதிரையும் எங்க அப்பத்தாவும்

இந்த வாரம் 'ஃபர்ஸ்ட் கியர்'ல ஒரு சின்ன மாற்றம். வழக்கமா வண்டி ஓட்டிப் பார்ப்போம், நல்லா இருக்கு, நல்லா இல்லைனு எழுதுவோம், ஜாலியா கேன்டீனுக்குப் போயிடுவோம். நான் என்ன எழுதினாலும் யார் பாக்கெட்லயும் காசு குறையாது. ஆனா இந்தத் தடவை நான் சொல்ற ஒரு வார்த்தையில எங்க அப்பாவோட அஞ்சு லட்ச ரூபாய் சீட்டுப் பணம் தொங்குது. உள்ளங்கை வேர்த்தது எனக்குத்தான் தெரியும்!

மேட்டர் இதுதான். பொள்ளாச்சியில ஒரு தேங்காய் மண்டியில கணக்கு எழுதறார் எங்க அப்பா. எங்க வீட்ல இதுவரைக்கும் கார் கிடையாது. அப்பத்தாவுக்கு முழங்கால்ல ஆபரேஷன் ஆனதுல இருந்து மாசம் ஒரு தடவை கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகணும். டாக்ஸிக்குக் கொடுத்துக் கொடுத்து சலிச்சுப்போய், 'சீட்டு எடுத்து ஒரு பழைய வண்டியாவது வாங்கிடலாம்'னு முடிவுக்கு வந்தார். கரெக்ட்டா அந்த நேரம் பார்த்து, கோவையில இருக்கிற பெரியப்பா பையன் தன்னோட காரை விற்கப்போறேன்னு சொன்னான். 2019 மாடல். விலை 4 லட்சத்து 75 ஆயிரம். சொந்தத்துக்காகக் குறைச்ச விலையாம்.

"நீதானே பாப்பா மெக்கானிக்கல் படிக்கறே... ஓட்டிப் பார்த்துட்டு சொல்லு. நீ சரின்னா சரி"ன்னுட்டார் அப்பா. (கிளாஸ்ல அறுபது பேர்ல நாங்க நாலே பொண்ணுங்க. 'மெக்கானிக்கலா? பொண்ணா?'னு இன்னும் கேக்கற சொந்தக்காரங்க தயவுசெஞ்சு இந்தப் பத்தியை ரெண்டு தடவை படிக்கவும்!)

அண்ணன் விற்கிற கார் என்ன தெரியுமா? டாடா டியாகோ ஜே.டி.பி.!

பேரைக் கேட்டதும் சில பேர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீங்க. தெரியாதவங்களுக்குச் சின்ன ஃப்ளாஷ்பேக். ஜே.டி.பி.ன்னா ஜெயம் டாடா பெர்ஃபார்மன்ஸ். அந்த 'ஜெயம்' நம்ம கோயமுத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ். அதை நடத்தற ஜே.ஆனந்த் ஒரு காலத்துல ரேஸ் டிராக்ல கார் ஓட்டினவர். டாடாவும் ஜெயமும் பாதிப் பாதி பங்கு போட்டு ஒரு கம்பெனி ஆரம்பிச்சு, சாதா டியாகோவை எடுத்து 'ஸ்பெஷல் சாதா' ஆக்கி 2018 அக்டோபர்ல விட்டாங்க. அன்னிக்கு டெல்லி எக்ஸ் ஷோரூம் விலை 6.39 லட்சம். 1.2 லிட்டர், மூணு சிலிண்டர், டர்போ பெட்ரோல், 114 குதிரை!

இந்த விலையோட அருமை புரியணும்னா கொஞ்சம் அக்கம்பக்கம் பார்க்கணும். 2015-ல வந்த அபார்த் புன்டோ 145 குதிரை, ஆனா கிட்டத்தட்ட 10 லட்சம். 2021-ல ஹூண்டாய் ஐ20 என் லைன் வந்தப்போ ஆரம்ப விலையே 9.84 லட்சம். நம்மள மாதிரி ஆளுங்க போஸ்டர் ஒட்டி வெச்சுப் பார்க்க வேண்டியதுதான். ஆறரை லட்சத்துக்குள்ள ஒரு கம்பெனி 'இந்தா, ஓட்டிக்கோ'ன்னு வேகத்தைக் கொடுத்தது பெரிய விஷயம். அதுவும் இந்த ஊர்ல இருந்து வந்ததுல ஒரு நியாயம் இருக்கு. ரேஸ் கார்களைத் தானே கட்டின கரிவரதன் இந்த ஊர்க்காரர். செட்டிபாளையம் ரேஸ் டிராக்குக்கு அவர் பேரைத்தான் வெச்சிருக்காங்க. 2005-ல ஃபார்முலா ஒன் ஓட்டின நரேன் கார்த்திகேயனும் இதே ஊர்தான்.

சரி, வண்டிக்கு வருவோம்.

ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணி. சிவப்பு பாடி, கறுப்பு கூரை, பானெட்ல ரெண்டு காற்றுத் துவாரம், பின்னாடி ரெட்டை சைலன்சர், 15 இன்ச் அலாய் வீல். தெருவுல பால் வாங்க வந்த மாமா ஒருத்தர் நின்னு பார்த்துட்டுப் போனார். உள்ளே உட்கார்ந்தா எல்லாமே கறுப்பு, ஏ.சி. துவாரத்தைச் சுத்தி மட்டும் சிவப்பு வளையம். அலுமினியம் பெடல். மத்தபடி டேஷ்போர்டு சாதா டியாகோவோடதுதான். ஆறு லட்ச ரூபாய் காருக்குள்ள உட்கார்ந்திருக்கோம்கிறதை அது மறைக்கலை. எனக்கு அது பிடிச்சிருந்தது.

அண்ணன் பக்கத்து சீட்ல. ரூட், ஆழியாறு தாண்டி வால்பாறை மலைப்பாதை. மொத்தம் நாற்பது கொண்டை ஊசி வளைவுல நமக்கு ஒன்பது போதும், லோம்ஸ் வியூ பாயின்ட் வரைக்கும் போயிட்டுத் திரும்பறதுன்னு ஒப்பந்தம்.

பொள்ளாச்சி டவுனுக்குள்ள வண்டி ரொம்ப சமத்து. இன்னும் சொல்லப்போனா கொஞ்சம் தூங்குமூஞ்சி. மூணாவது கியர்ல நாற்பதுல போறப்போ ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா, "என்னது, கூப்பிட்டீங்களா?"ன்னு கேக்குது. அதான் டர்போ லேக். சைலன்சர் வழியா வெளியே போற புகை ஒரு குட்டிக் காத்தாடியைச் சுத்தும். அதே தண்டோட மறுமுனையில இருக்கிற இன்னொரு காத்தாடி வெளிக்காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள திணிக்கும். காத்து அதிகம்னா பெட்ரோலும் அதிகமா எரிக்கலாம், அதனால பவர் அதிகம். ஆனா இன்ஜின் மெதுவா சுத்தறப்போ புகை கம்மி, காத்தாடி சோம்பேறி. நம்ம ஹாஸ்டல் மெஸ் மாதிரிதான். ஏழரை மணி வரைக்கும் ஈ, காக்கா இருக்காது. பூரி வாசம் வந்துச்சுன்னா ஒரே தள்ளுமுள்ளு!

இந்த வண்டிக்குப் பூரி வாசம் வர்றது 2,000 ஆர்.பி.எம்.ல. அங்கேர்ந்து 4,000 வரைக்கும் 150 நியூட்டன் மீட்டர் டார்க். சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. டார்க்கையும் சுத்தற வேகத்தையும் பெருக்கினா பவர். 4,000-லயே இந்த வண்டி 85 குதிரையைக் கொடுத்துடுது. அந்தக் காலத்து சாதா டியாகோ 6,000 வரைக்கும் கத்திக் கதறித்தான் அந்த 85-ஐத் தொடும். ஸோ, இந்தக் கார்ல ஃபீல் ஆகறது டாப் ஸ்பீடு இல்லை. நடுவுல இருக்கிற அந்த இழுவைதான். லாரியை ஓவர்டேக் பண்ண ரோடு கிடைக்கிற அந்த நாலு செகண்ட்ல சட்டுனு முடிச்சுட்டு உள்ளே வந்துடலாம். நூறைத் தொட சுமார் பத்து செகண்ட்னு கம்பெனி கணக்கு. நான் அளக்கலை, அண்ணன் பக்கத்துல இருந்தான்.

ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி முதல் வளைவு. இங்கதான் இந்தக் காரை வாங்கணும்னு எனக்கு வெறியே வந்துச்சு. வண்டியை 4 மில்லிமீட்டர் கீழே இறக்கி, ஸ்பிரிங்கை இறுக்கி, டயரை அகலமாக்கி இருக்காங்க. வளைவுல ஸ்டீயரிங்கை ஒடிச்சா, சாதா வண்டி மாதிரி ஒரு பக்கம் சாய்ஞ்சு யோசிச்சுட்டுத் திரும்பறதில்லை. திருப்பினோமா, திரும்பிச்சா, அவ்வளவுதான். ரெண்டாவது கியர், ஊசியை 2,500-க்குக் கீழே விடாம வெச்சுக்கிட்டா, ஒவ்வொரு வளைவு முடியறப்பவும் முதுகை யாரோ மெதுவா சீட்ல அழுத்தற மாதிரி ஒரு சுகம். நாலாவது வளைவுல நான் சிரிச்சுட்டு இருந்தேன்னு அண்ணன் அப்புறம் சொன்னான். எனக்குத் தெரியலை.

ஏழாவது வளைவுல சொதப்பினேன்.

ஓவர் கான்ஃபிடன்ஸ்! ரெண்டுக்கு மாத்தாம மூணாவது கியர்லயே உள்ளே போயிட்டேன். இழுவை இல்லை. எல்லாரும் பண்ற அதே தப்பைப் பண்ணேன், இன்னும் ஆழமா மிதிச்சேன். ஒரு செகண்ட் ஒண்ணுமே நடக்கலை. அடுத்த செகண்ட் மொத்தமும் சேர்ந்து வந்துச்சு. கரெக்ட்டா அப்பப் பார்த்து, மேலேர்ந்து இறங்கற பஸ்ஸோட மூஞ்சி வளைவுக்கு வெளியே எட்டிப் பார்த்துச்சு. "பிரேக்"னு அண்ணன் சொன்னதுக்கு முன்னாடியே கால் போயிடுச்சு. ஏ.பி.எஸ். கால்ல கடகடன்னு உதைச்சது. வண்டி நேரா நின்னுச்சு. பஸ் மூஞ்சிக்கும் எங்களுக்கும் நடுவுல ரெண்டு ஆள் படுக்கலாம், மூணாவது ஆளுக்கு இடம் கிடையாது.

மலையில ஏறற வண்டிக்குத்தான் முன்னுரிமை. ஆனா அது வேகமா ஏறச் சொல்லி இல்லையே! டிரைவர் திட்டவே இல்லை. கண்ணாடியை இறக்கி, "பாத்துப் போ கண்ணு"ன்னார். திட்டியிருக்கலாம்.

ஒன்பதாவது வளைவுல வண்டியை ஓரங்கட்டினோம். தூரத்துப் பாறையில ரெண்டு வரையாடு. ஆழியாறு அணை கீழே சின்னத் தட்டு மாதிரி தெரிஞ்சுது. சாவியைத் திருகப் போனேன். "ஆஃப் பண்ணாதே, ஒரு நிமிஷம் சும்மா ஓடட்டும்"னான் அண்ணன். டர்போ காத்தாடி நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்தும். அதோட பேரிங் உயிர் பிழைக்கிறதே இன்ஜின் ஆயில்லதான். மலை ஏறின சூட்டோட படக்குன்னு நிறுத்தினா ஆயில் ஓட்டம் நின்னுடும், அங்கேயே கிடக்கிற ஆயில் கருகிப்போகும். பழைய டர்போ வண்டி வாங்கப் போற மக்களே, நோட் பண்ணுங்க. போறதுக்கு முன்னாடியே போன் போட்டு, 'நான் வர்றவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க'ன்னு சொல்லிடுங்க. ஆறிக்கிடக்கிற இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் பண்ணி, பின்னாடி போய் நின்னு புகையைப் பாருங்க. நீலப் புகை வந்தா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. ஆயில் எப்பப்போ மாத்தினாங்கன்னு சர்வீஸ் புக்கைக் கேளுங்க. அப்புறம் முன் டயரோட விளிம்பைத் தடவிப் பாருங்க. முந்தின ஓனர் எப்படி ஓட்டினார்ங்கிறதை அவர் வாயைவிட டயர் உண்மையாச் சொல்லும். எங்க அண்ணனோட டயர் நிறையவே சொன்னது!

டவுன்ல லிட்டருக்கு 11, ஹைவேல 15 கொடுக்குதாம். இது அவன் வாக்குமூலம்.

இதோட நிறுத்தியிருந்தா அப்பாவுக்கு அங்கேர்ந்தே போன் பண்ணி 'வாங்கிடலாம்ப்பா'ன்னு சொல்லியிருப்பேன். ஆனா வண்டி யாருக்காக? சாயந்திரம் அப்பத்தாவைப் பின் சீட்ல உட்காரவெச்சு ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குக் கிளம்பினேன்.

உட்காரவே மூணு நிமிஷம் ஆச்சு. சீட் தாழ்வு. முழங்காலை மடக்கி இறங்கணும், ஏறறப்போ தலையைக் குனியணும். ரோட்ல சின்னப் பள்ளம்னாலும் இறுக்கமான ஸ்பிரிங் அதை அப்படியே மேலே அனுப்புது. காலைல வளைவுல எனக்குச் சுகமா இருந்த அதே இறுக்கம்தான் இது. கண்ணாடியில பார்த்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அப்பத்தா முழங்காலை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்குது. நான் இருபதுக்குக் குறைச்சேன். இருபதுல 114 குதிரையும் தூங்குது, நான் கியரை மாத்தி மாத்தி அதுங்களை எழுப்பிட்டு இருக்கேன்.

"வண்டி நல்லா இருக்கா அப்பத்தா?"

"நல்லா இருக்குது கண்ணு. சிவப்பா லட்சணமா இருக்குது"ன்னது. கொஞ்ச நேரம் கழிச்சு, "நீ ஓட்டறதைப் பாக்கறதுக்கே வரலாம். காலைக் கழட்டி வீட்ல வெச்சுட்டு வரணும், அவ்வளவுதான்"னது.

இன்னொண்ணும் இருக்கு. 2020 ஏப்ரல் 1-ல இருந்து பி.எஸ்.6 கட்டாயமாச்சு. ஜே.டி.பி.யை அதுக்கு ஏத்த மாதிரி மாத்தலை, அந்த வருஷத்தோட கதை முடிஞ்சுது. ஒன்றரை வருஷம்தான் வித்திருக்காங்க. அப்பா மாதிரி ஒரு ஆள், வாழ்க்கையில ஒரே ஒரு கார் வாங்கப் போறவர், பத்து வருஷம் வெச்சு ஓட்டுவார். அதுக்குன்னே செஞ்ச பம்பர், அதுக்குன்னே செஞ்ச ஸ்பிரிங்குக்கு அவர் எங்கே போய் நிப்பார்? நான் கேம்பஸ்ல செலக்ட் ஆகி எந்த ஊருக்குப் போறேனோ!

ஒரு வேலைல இருக்கிற இருபத்தஞ்சு வயசு ஆள், தனி ஆள், வண்டி மேல காதல் இருக்கிற ஆள், ஆயிலை ஒழுங்கா மாத்தற ஆள்... நீங்க அப்படின்னா, யோசிக்காம அண்ணனுக்குப் போன் பண்ணுங்கன்னு சொல்லுவேன். நான் அந்த ஆள் ஆகறதுக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு. அப்ப இந்த வண்டி எந்த ஊர் ரோட்ல ஓடிட்டு இருக்குமோ.

ராத்திரி சாப்பிடறப்போ அப்பா கேட்டார். "என்ன பாப்பா, வாங்கிடலாமா?"

ஏழாவது வளைவைப் பத்திச் சொன்னேன். அப்பத்தா முழங்காலைப் பத்திச் சொன்னேன். நாலாவது வளைவைப் பத்தி மட்டும் சொல்லலை. "வேணாங்கப்பா"ன்னேன்.

அப்பா ரசத்தை ஊத்திக்கிட்டே கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "உடுமலையில ஒருத்தர் சாதா டியாகோ வெச்சிருக்காராம். ஒரே ஓனர். அடுத்த ஞாயித்துக்கிழமை போலாமா? அப்பத்தாவையும் கூட்டிட்டு"ன்னார்.

85 குதிரை. நிச்சயம் கதறத்தான் போகுது. காலைல ஸ்டார்ட் பண்ணி வெக்க வேணாம்னு உடுமலைக்காரருக்கு இப்பவே போன் பண்ணிச் சொல்லிட்டேன். ஓட்டிப் பார்த்துட்டு வந்து சொல்றேன்.