பீரோவுக்குப் பின்னால் ஒரு பெட்டி

"இந்த வைஃபைக்கு என்ன கேடு வந்ததோ!" என்று அலுத்துக்கொள்ளாத குடும்பத் தலைவி இன்று யார் இருக்கிறார்? குழந்தையின் பாடம் பாதியில் நிற்கிறது. கரண்ட் பில் கட்டப் போனால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உடனே வீட்டுக்காரர், "பெரிய பிளானுக்கு மாறிவிடலாம்" என்கிறார். சகோதரிகளே, கொஞ்சம் பொறுங்கள்! பணத்தைக் கூட்டிக் கட்டுவதற்கு முன், சங்கரன்கோவிலில் என் அத்தை வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

அத்தைக்குக் காது மந்தம். விசைத்தறிகளுக்கு நடுவே 30 வருஷம் நின்று வேலை செய்தவள். அந்த ஊருக்குச் சோறு போடும் தறிச் சத்தம், சிலருடைய காதையும் வாங்கிக்கொண்டுதான் விடுகிறது. எதிரில் இருப்பவரின் உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். மகன் இருப்பதோ சிங்கப்பூரில். குரல் மட்டும் வந்து அவளுக்கு என்ன பயன்? முகம் தெரிந்தால்தான் பேச்சு. ராத்திரி வேலையெல்லாம் முடிந்தபின் அடுக்களையை ஒட்டிய அறையில் போனும் கையுமாக உட்காருவாள். படம் இரண்டு நிமிஷம் ஓடும், அப்புறம் உறைந்துவிடும்.

"ஏட்டி, பிள்ளை வாயைத் திறந்தாப்பில நிக்கான். என்ன சொல்ல வந்தான்னே தெரியல" என்றாள் என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாமா ஏற்கெனவே இரண்டு தடவை பிளானை உயர்த்தி, 100 மெகாபிட் வேகத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தார். முகம் பார்த்துப் பேசுவதற்கு 3, 4 மெகாபிட் இருந்தாலே தாராளம்! மீதி எங்கே போயிற்று?

போனிலேயே வேகத்தை அளந்து பார்க்கலாம். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அளந்தேன்: 90க்கு மேல் காட்டியது. அடுக்களை அறையில் அளந்தேன்: 1 கூட இல்லை! ஆக, வாசல் வரை சரக்கு ஒழுங்காக வந்து சேருகிறது. வீட்டுக்குள்தான் காணாமல் போகிறது. இந்த ஒரு சோதனையை நீங்களும் செய்து பாருங்கள். பெட்டியின் அருகிலேயே வேகம் இல்லையென்றால், பெட்டியை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள். அப்போதும் சரியாகாவிட்டால் கம்பெனிக்காரரைத் தாராளமாகக் கேளுங்கள். அருகில் இருந்து, தூரத்தில் இல்லையென்றால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறான்.

அத்தை வீட்டுக் குற்றவாளி இரும்பு பீரோ! கம்பி நுழையும் தெருப்பக்க அறையில், பார்வைக்கு அழகாக இல்லையென்று, பெட்டியை பீரோவுக்குப் பின்னால் தரையில் ஒளித்து வைத்திருந்தார்கள். தூசி படாமலிருக்க மேலே ஒரு பூத்துணி வேறு. உள்ளே கை வைத்தால் சுட்டது.

வைஃபை என்பது ரேடியோ அலைதான். 1895ல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், சுவருக்கு அப்பால் இருந்த மணியைக் கம்பியில்லாமலே அடிக்கச் செய்து காட்டினார். அலை சுவரைத் தாண்டும். ஆனால் ஒவ்வொரு சுவரிலும் கொஞ்சம் இளைத்துப்போகும். இரும்பு கண்டால் திரும்பிவிடும். தண்ணீர் நிறைந்த தொட்டியும் அதை விழுங்கும். பெட்டியிலிருந்து வருவது பெரும்பாலும் இரண்டு வகை அலை: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். ஆடித்தபசு சமயத்தில் தெருவில் மேளம் வந்தால், கதவைச் சாத்தினாலும் தவிலின் அதிர்வு அடுக்களை வரை கேட்கும். நாதஸ்வரத்தின் நுணுக்கமெல்லாம் திண்ணையோடு நின்றுவிடும் அல்லவா? அதே கதைதான். 5க்கு வேகம் அதிகம், சுவரைத் தாண்டும் பலம் குறைவு. 2.4 நிதானமானது, ஆனால் உள்ளே வரை வரும். மைக்ரோவேவ் அடுப்பும் 2.4ஐ ஒட்டிய அலையில்தான் வேலை செய்கிறது. அது ஓடும் நேரத்தில் பக்கத்தில் நின்று பேச வேண்டாம்.

அந்தக் காலத்து வீட்டில் ஒரு நன்மை உண்டு. வாசற்படியில் நின்றால் கொல்லைப்புறம் தெரியும்படி நிலைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். பீரோவின் பின்னாலிருந்து பெட்டியை எடுத்து, அந்தக் கோட்டுக்கு நேராகத் தலைக்கு மேல் உயரத்தில் பலகை அடித்து வைத்தோம். கண்ணாடிக் கம்பியை மடித்துவிடாமல் ஜாக்கிரதையாக நகர்த்தினோம். பூத்துணி பெட்டியை விட்டுத் தலையணைக்குப் போயிற்று. அத்தையின் போனை 2.4ல் சேர்த்தேன். மறுபடி அளந்தபோது அடுக்களை அறையில் 14! செலவு, பலகைக்கும் ஆணிக்கும் ஆனதுதான். மாமா மறுமாதமே பழைய பிளானுக்குத் திரும்பிவிட்டார்.

எல்லா வீட்டிலும் இது மட்டுமே போதாது. மாடி வீடானால் உள்ளே ஒரு கம்பி இழுத்து, மாடியில் இன்னொரு பெட்டி வைப்பது உத்தமம். அலையை வாங்கி அனுப்பும் ரிப்பீட்டர் வாங்கினால், அலை எட்டாத அறையில் வைக்காதீர்கள். அங்கே வாங்குவதற்கே ஒன்றும் இராதே! பாதி வழியில் வையுங்கள். பாஸ்வேர்டு தெருவுக்கே தெரிந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

அன்று ராத்திரி அத்தான் கூப்பிட்டார். அத்தை கண்ணை எடுக்காமல் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாப்பிட்டேன்லே. நீ ஏன் இப்படி இளைச்சுப்போயிட்ட?" என்று கேள்விக்குப் பதிலும், பதிலுக்குக் கேள்வியுமாக அரைமணி நேரம் பேசினாள். படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

இன்று சமையல் முடிந்ததும், உங்கள் வீட்டுப் பெட்டி எதன் பின்னால் ஒளிந்திருக்கிறது என்று கொஞ்சம் எட்டிப் பாருங்களேன்!