நடுவில் நிற்பவர்



எகிப்தில் தானியம் வாங்கச் சென்ற சகோதரர்கள் யோசேப்பின் முன் நின்றபோது, அவர்களிடையே மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார் எனத் தொடக்க நூலின் 42-ஆம் அதிகாரம் கூறுகிறது. தானியம் வாங்கவே அவர் தேவைப்பட்டாரெனில், நோயுற்றவருக்கு அவர் எத்துணை இன்றியமையாதவர் என்பதைச் சிந்திப்போம்.

நமது காவிரிப் படுகையில் அண்மை ஆண்டுகளாக மேற்கு வங்கத்திலிருந்து வரும் தொழிலாளரும் நாற்று நடுகின்றனர். அவர்களுள் ஒருவர் நோயுற்றால், அழைத்து வந்த மேஸ்திரியே மருத்துவரிடம் பேச நேரிடுகிறது. அவருக்கோ வேலை முடியவேண்டுமென்ற கவலை. நோயாளிக்கோ கூலி போய்விடுமென்ற அச்சம். பெண்களுக்குரிய நோயை அவர் முன்னிலையில் ஒரு பெண் எவ்வாறு எடுத்துரைப்பாள்?

சொல் பிறழ்ந்தால் சிகிச்சையும் பிறழும். நாம் ‘மயக்கம்’ என்கிறோம். அது தலைசுற்றலையும் குறிக்கும், நினைவிழத்தலையும் குறிக்கும், போதையையும் குறிக்கும். 1980-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இத்தகைய ஒரு சொல்லால் 18 வயது இளைஞன் ஒருவனின் வாழ்வு குலைந்தது. ஸ்பானிய மொழி பேசும் அவன் குடும்பத்தார், உண்டது ஒவ்வாமற்போயிற்று என்னும் கருத்தில் ‘இன்டாக்ஸிகாடோ’ என்றனர். மருத்துவர்களோ அவன் போதை மருந்து உட்கொண்டதாகக் கொண்டனர். உண்மையில் அவனது மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டிருந்தது. அது காலங்கடந்தே அறியப்பட்டது, கைகால்கள் செயலிழந்தன. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் எவரும் அங்கில்லை.

இவ்விடத்தில் திருச்சபை நமக்கு வழி காட்டுகிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 990-ஆம் சட்டம், மொழிபெயர்ப்பாளர் வழியாகவும் பாவ அறிக்கை செய்ய இசைவளிக்கிறது. 983-ஆம் சட்டமோ, அம்மொழிபெயர்ப்பாளரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. ஆன்மாவின் காயத்திற்கு இத்தனை காவலெனில், உடலின் காயத்திற்கும் வேண்டாமா? இரு மொழிகளும் நோய்களின் பெயர்களும் அறிந்து, கூட்டாமலும் குறைக்காமலும் உரைத்து, கேட்டதைத் தம்முள் காப்பவரே இப்பணிக்குத் தகுதியானவர். பள்ளிச் சிறுமியின் வாயாலேயே அவளுடைய தாய்க்குப் புற்றுநோய் என்று அறிவிக்கச் செய்வது இருவருக்கும் இழைக்கும் கொடுமையாகும்.

வேளாங்கண்ணியில் திருப்பயணிகளுக்காகப் பல மொழிகளில் திருப்பலி நிறைவேற்றப்படுகிறது. அவர்கள் நோயுறும்போது மட்டும் மொழியற்றவராய் விடலாமா? வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் பிள்ளைகளும் இதே நிலையில் ஒருநாள் மருத்துவமனை வாயிலில் நிற்கக்கூடும்.

ஆகவே, பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் மருத்துவமனைகளில் அமர்த்தப்பட வேண்டுமெனக் கேட்போம். அதுவரை, நோயாளியின் மொழியை நன்கறிந்த, அவரது கூலியோடு தொடர்பற்ற பெரியவர் ஒருவரை அவரது சம்மதத்துடன் அழைத்துச் செல்வோம். பெண்ணுக்குப் பெண்ணே துணை செல்லட்டும். மருந்துண்ணும் முறையை நோயாளி தம் வாயால் திரும்பக் கூறிய பின்னரே மருத்துவரிடம் விடைபெறுவோம். நம் வயலில் நாற்று நடும் கைகளுக்கு நாம் பட்டிருக்கும் கடன் கூலியோடு தீர்வதில்லை.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிலைத்திருப்பதாக.